மாறாத இலக்கம்

மன்னாரில் 023 என்று தொடங்கும் வீட்டுத் தொலைபேசி இப்போது பல வீடுகளில் இல்லை. ஆளுக்கொரு கைத்தொலைபேசி வந்துவிட்டது. கடலுக்குப் போனவர் கரை சேர்ந்ததை அறியவும், வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் முகம் பார்க்கவும் அது உதவுகிறது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் பழைய தொலைபேசிக்கும் தனிச் சிறப்புகள் உண்டு. செப்புக் கம்பி வழியே தொலைபேசி நிலையத்திலிருந்தே அதற்கு மின்சாரம் வந்தது. ஊரில் மின்சாரம் நின்றாலும் பேசலாம். இப்போது வரும் ஃபைபர் இணைப்புக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். அன்று ரீலோட் போடும் கவலையும் இல்லை. மணி அடித்தால் அம்மம்மாவும் எடுப்பார், சின்னப் பிள்ளையும் எடுக்கும். கைத்தொலைபேசியோ ஒருவருடைய சட்டைப் பையோடு வெளியே போய்விடுகிறது.

எல்லாவற்றையும் விடப் பெரியது, இலக்கம் மாறாமல் இருந்ததுதான். எங்கள் அயலில் ஒரு தாய், யுத்தத்தில் காணாமற்போன மகனைத் தேடுகிறார். யாரும் அழைக்காத இணைப்புக்கு மாதாமாதம் காசு கட்டுகிறார். "அவனுக்குப் பாடமான இலக்கம் இது ஒன்றுதான்" என்பார். அதை வீண்செலவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சகோதரிகளே, காணாமற்போனோர் அலுவலகத்தின் மன்னார்க் கிளை 2019 இல் திறக்கப்பட்டது. அங்கு கொடுத்த இலக்கம் மாறியிருந்தால் உடனே அறிவியுங்கள். முக்கியமான இலக்கங்களைக் கொப்பியில் எழுதி வையுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவருக்கு 1929. இவற்றோடு வீட்டு இலக்கம் ஒன்றையும் பிள்ளைகளுக்குப் பாடமாக்கிவிடுங்கள்.