வாத்தியாரின் கடைசிப் படம்

எம்.ஜி.ஆர். கதாநாயகராக நடித்து முடித்து வெளிவந்த கடைசிப் படம் 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்'. 1978 பொங்கலன்று அது திரைக்கு வந்தபோது நாம் பிறந்திருக்கவில்லை. ஆயினும் நம் இளமைக்காலம் முழுவதும் அப்படம் நம் லைன் வீட்டில் ஓடிக்கொண்டே இருந்தது, தந்தையாரின் வாய்மொழியாக.

தந்தையார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை செய்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் கண்ட சுரங்கம் அது. கூண்டில் இறங்கிப் பாறையின் வெக்கையில் எட்டு மணி நேரம் வெந்து மேலே வருபவருக்கு ஞாயிற்றுக்கிழமையின் கொட்டகை எத்தகைய உலகம் என்பதை, மின்விசிறியின் கீழ்க் கோப்பு எழுதும் நம்மால் ஊகிக்கத்தான் முடியும். பொங்கலன்று விடியுமுன்பே ராபர்ட்சன்பேட்டைக்கு நடந்ததையும், நுழைவுச்சீட்டுக்காகச் சட்டை கிழிந்ததையும், திரையில் வாத்தியார் தோன்றியதும் சில்லறைக் காசுகள் பறந்ததையும் அவர் நூறு முறை சொல்லியிருப்பார். கதையை மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை. அதை நாம் அன்று கவனிக்கவில்லை.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. தந்தையார் திண்ணையில் அமர்ந்து சயனைடு மேடுகளைப் பார்த்தபடியே பொழுதைக் கழித்தார். அவரை மகிழ்விக்க எண்ணி, நாமும் தம்பியும் வி.சி.டி. கருவியொன்றை வாடகைக்கு எடுத்து, அந்தப் படத்தையே தேடிக் கொணர்ந்தோம்.

படம் நம்மை ஏமாற்றிவிட்டது. அகிலனின் 'கயல்விழி' என்னும் நல்ல நாவலைத் தழுவிய கதை. மெல்லிசை மன்னரின் இசை. லதா, பத்மப்ரியா என இரு நாயகியர். குறை என்னவெனில், அறுபது வயதை எட்டிய ஒருவர் இளவரசராக வாளேந்தி நிற்கிறார். 'நாடோடி மன்னன்' படத்தை 1958-இல் இயக்கிய அதே கைகள்தாமா இதையும் இயக்கின என ஐயுறும் அளவுக்குக் காட்சிகள் தளர்ந்து நகர்கின்றன. நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். இப்படத்தைத் தொடங்கியவர் பி.ஆர்.பந்துலு, நம் கோலார் மாவட்டத்து மனிதர். 1974-இல் அவர் மறைந்தபின் இயக்கும் பொறுப்பு எம்.ஜி.ஆரிடம் வந்தது. 1977 ஜூன் 30-இல் அவர் முதலமைச்சரானார். ஒரு கால் அரசியலில், ஒரு கால் படப்பிடிப்பில் என்று இருந்தவரிடம் நாம் வேறென்ன எதிர்பார்க்க இயலும்?

இந்த நியாயமெல்லாம் பின்னாளில் தோன்றியது. அன்று நாம் சிரித்தோம். ஒரு வாட்போரின்போது தம்பி ஏதோ கேலி பேச, நாம் அதற்கு மேல் பேசினோம். தந்தையார் எழுந்து வெளியே போனார். படம் முடியும்வரை திரும்பவில்லை. அதன்பின் பொங்கல் நாள் கொட்டகைக் கதையை அவர் சொல்லவே இல்லை.

ஆண்டுகள் சில சென்றன. நமக்கு மத்திய அரசில் எழுத்தர் பணி கிடைத்து, நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூர் சென்று வந்தோம். ஒருநாள் அவரது நுரையீரலைக் காட்டுவதற்காக மாரிக்குப்பத்தில் அவரையும் ஏற்றிக்கொண்டோம். பங்காருப்பேட்டையில் வண்டி நின்றபோது, யாரும் கேளாமலே அவர் சொன்னார்:

"அந்தப் படம் நல்லா இல்லடா. அன்னிக்கே தெரியும்."

நாம் திகைத்தோம்.

"கொட்டகை விட்டு வந்து நாலு பேரும் ஒண்ணும் பேசல. ஆண்டர்சன்பேட்டை வரைக்கும் ஒருத்தனும் வாய் திறக்கல. அப்புறம் ஒருத்தன், பாட்டு நல்லா இருந்துச்சில்லன்னான். ஆமான்னோம். அவ்வளவுதான். மறுநாள் ஷிப்ட்ல கேட்டவங்ககிட்டல்லாம் படம் பிரமாதம்னு சொன்னோம்."

"ஏன்பா அப்படிச் சொன்னீங்க?"

"இனிமே அவரு நடிக்க மாட்டாருடா. கடைசிப் படத்தப் போயி எப்படிக் கொற சொல்றது?"

அவரது இருமல் அடங்கச் சற்று நேரமாயிற்று. அன்று சிரித்ததற்காக வருந்துகிறோம் என்று சொல்ல வாயெடுத்தோம், சொற்கள் வரவில்லை. வண்டி நகர்ந்தது. அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "பாட்டு நெஜமாவே நல்லா இருக்கும்" என்றார்.

அண்மையில் அப்படத்தைத் தனியே அமர்ந்து மீண்டும் பார்த்தோம். படத்தைப் பற்றிய நம் கருத்து மாறவில்லை. தம்பி தொலைபேசியில் அழைத்து, என்ன பார்க்கிறாய் என்று கேட்டான். பெயரைச் சொன்னோம். எப்படி இருக்கிறது என்றான்.

பிரமாதம் என்றோம்.