உருளும் இல்லத்தில் ஒரு கிறிஸ்து பிறப்பு விழா

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேலைக் கடற்கரையில் சான் பிரான்சிஸ்கோ மாநகரில் தொடங்கி, கீழைக் கடற்கரையில் நியூயார்க்கிற்கு அண்மையிலுள்ள டீனெக் என்னும் ஊரில் முடிவுறும் பெருஞ்சாலை ஒன்று உண்டு. 80 என்பது அதன் எண். 1956ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஐசனோவர் கையொப்பமிட்ட சட்டத்தின் பயனாக எழுந்த நெடுஞ்சாலைகளுள் அதுவும் ஒன்று. ஏறத்தாழ 2,900 மைல் நீளமுடைய அது 11 மாநிலங்களைக் கடந்து செல்கிறது. கலிபோர்னியாவின் பனிமலைகள், நெவாடாவின் பாலை, வயோமிங்கின் காற்றோயாத மேட்டுநிலம், நெபிராஸ்கா, அயோவா மாநிலங்களின் சோள வயல்கள், பென்சில்வேனியாவின் காடுகள் ஆகிய அனைத்தையும் ஒரே சரத்தில் கோத்து நிற்கிறது அச்சாலை.

அண்மையில் ஒரு டிசம்பர் மாதம், சிக்காகோவில் வாழும் உறவினர் இல்லத்திற்குச் சென்றிருந்த நாங்கள், கணவனும் மனைவியுமாக, அவர்களுடைய காரில் அச்சாலை வழியே மேற்கு நோக்கிப் பயணம் செய்தோம். மிசிசிப்பி ஆற்றைக் கடந்து அயோவாவுக்குள் நுழைந்தபோது, அறுவடை முடிந்த வயல்கள் இருமருங்கும் வெறுமையாய்க் கிடந்தன. ஆனால் சாலை வெறுமையாக இல்லை. 18 சக்கரங்களும் 53 அடி நீளப் பெட்டியும் கொண்ட லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இரு திசைகளிலும் ஓடிக்கொண்டிருந்தன. சரக்கோடு சேர்த்து 80,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 36 டன் எடைவரை அவை செல்லச் சட்டம் இடமளிக்கிறது.

நவம்பர் மாத நான்காம் வியாழக்கிழமையன்று அந்நாட்டு மக்கள் நன்றியறிதல் நாளைக் கொண்டாடுகின்றனர். 1941ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நாளை உறுதி செய்தது. அன்று தொடங்கிக் கிறிஸ்து பிறப்பு விழா முடிய வீடுதோறும் விழாக்காலமே. பிரிந்து வாழும் பிள்ளைகள் பெற்றோர் இல்லம் திரும்புவதும், குடும்பம் முழுவதும் ஒரே மேசையில் அமர்ந்து உண்பதும் அக்காலத்தின் சிறப்பு. ஆனால் அந்த மேசைக்கு வரும் வான்கோழியும், ஒரிகன் மாநில மலைச்சரிவுகளில் நவம்பரில் வெட்டப்படும் விழா மரமும், குழந்தைகள் காத்திருக்கும் விளையாட்டுப் பொருளும் லாரியில்தான் வருகின்றன. அந்நாட்டில் எடைக் கணக்கில் பத்தில் ஏழு பங்குச் சரக்கு லாரிகளிலேயே செல்கிறது. ஆகவே, எல்லாரும் வீடு திரும்பும் நாள்களே லாரி ஓட்டுநர்கள் வீட்டைவிட்டு நீங்கியிருக்கும் நாள்களாக அமைந்துவிடுகின்றன.

லாரிப்பேட்டையில்

வால்காட் என்னும் சிற்றூருக்கு அருகில் 1964ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட லாரிப்பேட்டை ஒன்று உள்ளது. உலகிலேயே பெரியது என்று பெயர் பெற்ற அங்கே ஒரே நேரத்தில் ஏறத்தாழ 900 லாரிகள் நிற்கலாம். உணவகம், குளியலறைகள், சலவை இயந்திரங்கள், முடிதிருத்தும் நிலையம், பல் மருத்துவர் என ஒரு சிற்றூருக்கு வேண்டிய அனைத்தும் அங்குண்டு. இரவும் பகலும் அதன் கதவு அடைபடுவதில்லை.

உணவகத்தில் இடமின்றி நின்ற எங்களை, ஓரத்து மேசையிலிருந்த ஒரு தம்பதியர் அழைத்துத் தம்மருகே அமரச் செய்தனர். எங்களுள் ஒருவர் அணிந்திருந்த சேலையும் கழுத்திலிருந்த சிலுவையும் பேச்சைத் தொடங்கி வைத்தன. அவர்கள் ஒகையோ மாநிலத்தவர். போலந்திலிருந்து குடியேறிய கத்தோலிக்கக் குடும்பங்களின் வழிவந்தவர்கள். ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள். கணவர் வேலை செய்துவந்த தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு வீட்டுக்கடன் மட்டும் எஞ்சி நின்றது. பிள்ளைகள் மூவருக்கும் மணமாகியிருந்தது. இருவரும் லாரி ஓட்டப் பயின்று, உரிமம் பெற்று, ஒரே லாரியில் ஏறினர். அன்று முதல் அந்த லாரியே அவர்களுடைய வீடு.

நம் ஊர்களில் லாரியில் ஓட்டுநருடன் கிளீனர் செல்வதைக் கண்டிருக்கிறோம். கணவனும் மனைவியும் மாறிமாறி ஓட்டிச் செல்வது எங்களுக்குப் புதுமையாக இருந்தது. அங்கும் பெண் ஓட்டுநர்கள் சிறு பங்கினரே. ஆயினும் இத்தகைய தம்பதியருக்கு விழாக்காலத்தில் தேவை மிகுதி. அதற்குக் காரணமும் உண்டு.

ஒருவர் விழித்திருக்க, ஒருவர் உறங்க

அந்நாட்டுச் சட்டப்படி ஓர் ஓட்டுநர் 11 மணி நேரத்திற்குமேல் லாரி ஓட்டலாகாது. அதன்பின் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வுகொள்ள வேண்டும். முன்பெல்லாம் கையால் எழுதிய குறிப்பேடே சான்று. 2017ஆம் ஆண்டு டிசம்பர் முதல் எஞ்சினோடு இணைந்த மின்னணுக் கருவி ஒவ்வொரு மணித்துளியையும் பதிவு செய்கிறது. எனவே தனியொருவர் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்குச் சரக்கைக் கொண்டு சேர்க்க ஐந்து நாள்கள் ஆகும். இருவர் மாறிமாறி ஓட்டினாலோ லாரி நாளொன்றுக்கு 1,000 மைல் வரை செல்லும். மூன்றே நாள்களில் கரை சேரும். விழாவுக்கு முன் சேர வேண்டிய பொருள்களை இவ்வாறான இருவரிடமே ஒப்படைக்கின்றனர்.

இருக்கைக்குப் பின்னால் ஒரு கட்டில். அதன் மேலே இன்னொன்று. சிறு குளிர்பதனப் பெட்டி. குழம்பு கொதிக்க வைக்கும் மின்சட்டி. துணிகளுக்கு ஓர் அலமாரி. அவ்வளவுதான் அவர்கள் இல்லம். நள்ளிரவு முதல் நண்பகலுக்கு முன்புவரை கணவர் ஓட்டுகிறார், பின்னர் மனைவி. ஓடும் லாரியில் படுத்திருப்பவர் உருண்டு விழாதபடி கட்டிலின் குறுக்கே பட்டை கட்டிக்கொள்ள வேண்டும், அதுவும் சட்டம்.

“ஒரு நாளில் இருவரும் சேர்ந்து விழித்திருக்கும் நேரம் எவ்வளவு?” என்று வினவினோம். அம்மையார் சற்று எண்ணிப் பார்த்து, “டீசல் நிரப்பும் நேரமும் இதுபோல் உண்ணும் நேரமும் சேர்த்தால் இரண்டு மணி நேரம் இருக்கும்” என்றார். இருபத்துநான்கு மணி நேரமும் ஆறடி இடைவெளிக்குள் வாழும் இருவர், ஒருவரையொருவர் காண்பது அவ்வளவே!

முதல் இரு வாரங்கள் அவருக்கு உறக்கமே வரவில்லையாம். கணவர் பிரேக்கை மிதிக்கும் போதெல்லாம் திடுக்கிட்டு எழுந்துவிடுவாராம். ஒருநாள் காலை கண்விழித்தபோது, கலிபோர்னியாவில் 7,200 அடிக்கு மேலான டானர் கணவாயைப் பனி கொட்டும் இரவில், சக்கரங்களுக்குச் சங்கிலி பூட்டிக் கணவர் கடந்திருந்ததை அறிந்தார். அவ்வளவும் நிகழ்ந்தபோது தாம் ஒன்றும் அறியாது உறங்கியிருந்தார். “இருபத்தெட்டு ஆண்டு இல்லறத்தில் நான் கற்காத நம்பிக்கையை அந்த இரவில் கற்றேன்” என்று அவர் கூறியபோது, கணவர் தலைகுனிந்து காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

பிணக்குக்கு இடமில்லாத வீடு

கருத்து வேற்றுமை எழாத இல்லம் உலகில் இல்லை. நம் வீடுகளில் மனத்தாங்கல் வந்தால் ஒருவர் தோட்டத்திற்கோ, மற்றவர் அடுக்களைக்கோ செல்லலாம். லாரியில் செல்வதற்கு வேறு அறை இல்லை. அதைவிடப் பெரிய இடர் ஒன்றுண்டு. சினத்தோடு படுப்பவருக்கு உறக்கம் வராது. உறங்காதவர் அடுத்த முறை ஓட்டும்போது கண் அயர்வார். 36 டன் எடை அவர் கையில் இருக்கும். ஆகவே, பிணக்குத் தீராமல் ஓட்டும் பொறுப்பைக் கைமாற்றுவதில்லை என்பதை அவர்கள் தங்களுக்குள் சட்டமாக்கிக்கொண்டனர். சில வேளைகளில் நல்ல வருமானம் தரும் நேரத்தையும் இழந்து, சாலையோர நிறுத்தத்தில் லாரியை நிறுத்திப் பேசித் தீர்த்ததுண்டாம். ஓடிய மைலுக்குத்தான் அவர்களுக்கு ஊதியம். நின்ற நேரத்திற்கு இல்லை. தூய பவுல் அடியார் எபேசு மக்களுக்குச் சினத்தைப்பற்றி எழுதிய அறிவுரையை நாம் கோவிலில் கேட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். அவர்களோ அதை மறந்தால் உயிருக்கே கேடு.

விழாவின் விலை

இவ்வாழ்க்கையை இனிப்பாக மட்டும் வரைந்துகாட்டுதல் உண்மையாகாது. சில ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்து பிறப்பு விழாவை அடுத்த நாள்களில் அவர்கள் வயோமிங் மாநிலத்தில் இருந்தனர். அங்கே 80ஆம் எண் சாலை ஓரிடத்தில் 8,640 அடி உயரம்வரை ஏறுகிறது. நிலத்தில் கிடக்கும் பனியையே காற்று வாரி இறைத்து எதிரே ஒன்றும் தெரியாதபடி செய்துவிடும். அவ்வாறு நேரும்போது சாலையின் குறுக்கே தடுப்புக் கதவுகளை இறக்கி மூடிவிடுகின்றனர். அன்றும் மூடினர்; இரு நாள்கள் திறக்கவில்லை. அந்த இரு நாள்களுக்குள் ஒகையோவில் முதியோர் இல்லத்தில் இருந்த அம்மையாரின் தாயார் இறைவனடி சேர்ந்தார். தொலைபேசியில் மகள் செவியருகே பிடித்திருக்க, அம்மையார் லாரிக்குள்ளிருந்து அருள் நிறை மரியே சொல்லிக்கொண்டே இருந்தாராம். அடக்கத் திருப்பலிக்கு மட்டுமே போய்ச் சேர முடிந்தது.

“மற்றவர் பிள்ளைகளுக்குப் பொம்மை கொண்டு சென்றோம், என் தாயின் கையைப் பிடிக்க முடியவில்லை” என்றார் அவர். அதற்கு நாங்கள் என்ன மறுமொழி கூறுவது? ஒன்றும் கூறவில்லை. கடன் தீர இன்னும் நான்கு ஆண்டுகள் என்று கணவர் மெல்லச் சொன்னார்.

காலித் தட்டும் சிறு அப்பமும்

போலந்து நாட்டவருக்குக் கிறிஸ்து பிறப்பின் முந்தின இரவு உணவே பெருவிருந்து. வானில் முதல் விண்மீன் தோன்றிய பின்னரே உண்ணத் தொடங்குவர். மேசையில் ஒரு தட்டை மிகுதியாக வைப்பது அவர்கள் மரபு; எதிர்பாராமல் வரும் வழிப்போக்கருக்கென அந்த இடம். இத்தம்பதியரின் மகள் இல்லத்தில் ஒரு தட்டுக்கு மாறாக இரண்டு வைக்கின்றனர். வழியிலிருக்கும் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் உரியவை அவை என்று பேரப்பிள்ளைகள் அறிவர்.

அவ்விருந்துக்கு முன் மெல்லிய அப்பம் ஒன்றைப் பிட்டு ஒருவருக்கொருவர் கொடுத்து, வாழ்த்துக் கூறி, குறைகளை மன்னிப்பர். இது நற்கருணை அன்று. பாலன் பிறப்பின் உருவம் பதித்த விழா அப்பம். தொலைவிலுள்ள உறவினருக்கு மடலில் வைத்து அனுப்புவதும் வழக்கம். மகள் கொடுத்தனுப்பிய அப்பத்தை அம்மையார் உறையிலிருந்து எடுத்து எங்களுக்குக் காட்டினார். டிசம்பர் 24ஆம் நாள் மாலை, ஒருவர் எழுந்து மற்றவர் படுக்கச் செல்லுமுன், லாரியை நிறுத்தி இருவரும் அதனைப் பிட்டுக்கொள்வர். பிறகு ஒருவர் உறங்கப் போவார், லாரி புறப்படும்.

திருப்பலி காண்பது எளிதன்று. எழுபதடி நீள லாரியைக் கோவில் தெருவில் நிறுத்த இயலாது. அருகிலுள்ள பங்குக்குத் தொலைபேசியில் சொன்னால், யாரேனும் ஒரு பங்கு மக்கள் காரில் வந்து அழைத்துச் சென்று, மீண்டும் கொண்டுவிட்டதும் உண்டு என்றனர். பல லாரிப்பேட்டைகளில் பழைய டிரெய்லர் ஒன்றைச் சிற்றாலயமாக்கி வைத்திருக்கின்றனர். ஓட்டுநர்களுக்கான இத்தகைய பணியைப் பிற சபையைச் சார்ந்த கிறிஸ்தவர்கள் 1951ஆம் ஆண்டிலேயே தொடங்கினர். நம் திருச்சபையும் 2007ஆம் ஆண்டில் சாலைப் பயணிகளின் மேய்ப்புப் பணிக்கென வழிகாட்டு ஏடு ஒன்றை வெளியிட்டு, ஓட்டுநர்களுக்குப் பத்துக் கட்டளைகளை அதில் வகுத்தது.

தாயாரின் மறைவுக்குப்பின் அக்குடும்பம் ஒரு முடிவு செய்தது. ஜனவரி பிறந்ததும் சரக்கு குறைந்துவிடும்; அப்போது வீட்டுக்கு வர விடுமுறை கிடைக்கும். எனவே திருக்காட்சித் திருநாள்வரை விழா மரத்தை எடுப்பதில்லை. பரிசுகளைப் பிரிப்பதும் இல்லை. பேரப்பிள்ளைகள் பொறுமையோடு காத்திருக்கின்றனர். மூன்று அரசர்களும் தாமதமாகத்தானே வந்தார்கள் என்று மூத்த பேரன் தம்பியருக்கு விளக்கம் கூறுகிறானாம்! இதைச் சொல்லும்போதுதான் அத்தம்பதியர் வாய்விட்டுச் சிரித்தனர்.

நேரம் ஆயிற்று. அடுத்து ஓட்டும் முறை அம்மையாருடையது. கணவர் எங்களுக்குக் கைகூப்ப முயன்று, உறங்கச் சென்றார்.

அன்பு வாசகர்களே! நம் வீட்டுக் குடிலில் வைக்கும் பாலன் சுரூபமும், பலகாரத்திற்கு வாங்கும் மாவும் சர்க்கரையும் யாரோ ஒருவர் இரவெல்லாம் விழித்து ஓட்டிவந்த லாரியில்தான் நம் ஊர்க் கடைக்கு வந்தன. அவர் வீட்டிலும் ஒரு தட்டு காலியாக இருந்திருக்கலாம். நள்ளிரவுத் திருப்பலியில் நம் குடும்பங்களுக்காக மன்றாடும்போது, அவ்வேளையில் சாலையில் இருப்போரையும் அவர்களுக்காகக் காத்திருப்போரையும் நினைந்து கொள்வோம். நம் பங்கின் எல்லையில் லாரியை நிறுத்திவிட்டுக் கோவிலுக்கு வழி கேட்பவர் எவரேனும் வந்தால், வழியை மட்டும் காட்டாமல் உடன் அழைத்து வருவோம்.