ஊசலின் தோளில் ஒரு பென்னி

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் கோபுரத்தின் கடிகார அறை. வார்ப்பிரும்பும் பித்தளையுமாக ஐந்து டன் எடையில் நீண்டு கிடக்கிறது இயந்திரம். இரண்டு நொடிக்கு ஒரு தட்டு. வேறு சத்தமில்லை.

கடிகாரத்தைப் பராமரிப்பவர் நொடி பார்க்கும் கருவியோடு நிற்கிறார். ஊசல் தண்டின் தோளில் பழைய பென்னி நாணயங்கள் அடுக்கியிருக்கின்றன. ஊசல் நிற்காமல் ஆடிக்கொண்டிருக்க, அடுக்கின்மேல் இன்னொன்றை அலுங்காமல் வைக்கிறார். ஒரு நாணயம் கூடினால் கடிகாரம் நாளுக்கு 0.4 நொடி முந்தும். எடுத்தால் அதே அளவு பிந்தும். சரிசெய்வது அவ்வளவுதான்.

இரும்புச் சட்டத்தில் எழுத்துகள் பொறித்திருக்கின்றன: செய்தவர் ஃபிரெடெரிக் டென்ட், செய்த ஆண்டு 1854, இங்கே பொருத்தியது 1859.

வேலையை ஏற்றவர் அவரல்ல, எட்வர்ட் ஜான் டென்ட். கப்பல்களுக்குக் குரோனோமீட்டர் செய்து பேர் வாங்கியவர். மணியின் முதல் அடி ஒரு நொடிகூடப் பிசகக் கூடாது என்று அரசு வானியலாளர் ஏரி நிபந்தனை போட்டார். கோபுரக் கடிகாரத்தில் அது நடக்காது என்று தொழில் தெரிந்தவர்களே மறுத்தார்கள். டென்ட் ஒப்புக்கொண்டார். 1853-இல் இறந்தும் போனார். அவருடைய மனைவியின் முதல் தாரத்து மகனான ஃபிரெடெரிக், டென்ட் என்ற பெயரையும் பட்டறையையும் ஏற்று வேலையை முடித்தார்.

கடிகாரம் தயார், கோபுரம்தான் தயாராகவில்லை. ஐந்து வருஷம் பட்டறையிலேயே ஓடியது. வடிவமைத்த டெனிசன், தொழிலில் வழக்கறிஞர். அந்த இடைவெளியில் விடாமல் சோதித்துப் பார்த்தார். காற்றும் பனியும் வெளியே முட்களை அழுத்தினால் அந்த அழுத்தம் சக்கரங்கள் வழியே ஊசலைத் தொட்டுவிடும். அதைத் தடுக்க இரண்டு சிறு கைகளை அமைத்தார். இயந்திரம் அவற்றைத் தூக்கி மட்டும் விடும். அவை தம் எடையால் விழுந்து ஊசலைத் தள்ளும். வெளியே புயலடித்தாலும் தள்ளும் விசை மாறாது. தரமான கோபுரக் கடிகாரங்கள் பலவும் பின்னர் இதையே எடுத்துக்கொண்டன.

1859 மே 31-இல் கடிகாரம் கோபுரத்தில் ஓடத் தொடங்கியது. மறு வருஷமே ஃபிரெடெரிக்கும் இறந்தார். 2017 முதல் 2022 வரை நடந்த பழுதுபார்ப்பில் இயந்திரத்தை முழுக்கக் கழற்றிச் சுத்தம் செய்து, அதையே திரும்பவும் மாட்டினார்கள்.

உலகம் மணியின் பேரைச் சொல்கிறது. டென்ட் என்ற பேரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.