குமாஸ்தா எடுத்த காப்பி

பி.காம். படித்தவனுக்கும் பீரங்கிக்கும் என்ன ஸார் சம்பந்தம்?

நியாயமான கேள்விதான். டெபிட், கிரெடிட் இரண்டையும் தவிர வேறு ஆயுதம் எதையும் தொட்டவனில்லை நான். தீபாவளிக்கு லட்சுமி வெடி கொளுத்தக்கூட ஊதுவத்தியை நீளக் குச்சியில் கட்டிக்கொண்டு போகிற ரகம். அப்படிப்பட்ட ஆசாமி, ராத்திரி பத்தரை மணிக்கு மேல் மொபைலில் அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தைப் பற்றி ஒரு வாத்தியார் பேசுவதைக் கேட்டு நோட்ஸ் எடுத்துக்கொண்டிருந்தால் வீட்டில் சும்மா இருப்பார்களா?

"பரீட்சை ஏதாவது எழுதப் போறியாடா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா."

"சம்பளம் ஏறுமா?"

"ஏறாது."

"அப்போ லைட்டை அணைச்சுட்டுப் படு."

அம்மாவின் வாதத்தில் ஓட்டையே கிடையாது. இருந்தாலும் லைட்டை அணைக்காமல் இருக்க என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது. ஆபீஸில் லெட்ஜரோடு மல்லுக்கட்டுகிற உங்களுக்கு அது உடனே புரியும்.

முதலில் இந்தப் படிப்பின் பூர்வீகம். 1991-ல் அமெரிக்காவில், கடற்படைத் தரைப்பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற ஜேம்ஸ் எட்டர் என்பவர், 'அமெரிக்கன் மிலிட்டரி யுனிவர்சிட்டி' என்று ஒன்றை ஆரம்பித்தார். பட்டாளத்துக்காரனுக்கு இன்றைக்கு ஒரு ஊர், அடுத்த வருஷம் வேறு ஊர். எந்தக் காலேஜில் போய் உட்காருவான்? ஆகவே படிப்பு அவனைத் தேடிப் போகட்டும் என்று, முதலில் தபால் மூலமாக எம்.ஏ. சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு இன்டர்நெட் வந்தது, தபால்காரர் தேவையில்லாமல் போனார். வெர்மான்ட் மாநிலத்தில் 1819-ல் தொடங்கிய நார்விச் என்ற பழம்பெரும் ராணுவக் கல்லூரியும், போர் வரலாற்றில் எம்.ஏ.யை இணையம் வழியாகக் கொண்டு வந்தது. சிப்பாய், ஸ்கூல் வாத்தியார், ரிட்டயரான ஆபீஸர் என்று பலரும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படிக்கிற படிப்பு அது.

பட்டம் வேண்டுமென்றால் டாலரில் கட்ட வேண்டும். கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும் என்கிற என்னைப் போன்றவர்களுக்கு இலவச வழிகள் இருக்கின்றன. யேல் பல்கலைக்கழகத்தில் டேவிட் பிளைட் என்ற பேராசிரியர் 2008-ல் நடத்திய உள்நாட்டு யுத்த வகுப்பு, 27 லெக்சர்களும் அப்படியே, காசில்லாமல் கேட்கக் கிடைக்கிறது. அது இளநிலை மாணவர்களுக்கு நடத்தியது. அதை முடித்துவிட்டு எம்.ஏ. பாடத்திட்டம் எதையாவது எடுத்துப் பார்த்தால்தான் வேடிக்கை.

யுத்த வரலாறு என்றால் என்ன எதிர்பார்ப்போம்? மீசை முறுக்கிய ஜெனரல், வெள்ளைக் குதிரை, "முன்னேறு!" என்று ஒரு கூச்சல். எம்.ஏ. வகுப்பில் குதிரை வருவதற்கே நாளாகிறது. முதல் பாடமே, 'இந்தச் சண்டையைப் பற்றி இதுவரை யார் யார் என்ன எழுதினார்கள், ஏன் அப்படி எழுதினார்கள்' என்பதுதான். யார் ஜெயித்தார்கள் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. 'உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்கிறார்கள். வவுச்சர் எங்கே என்று ஆடிட்டர் கேட்பாரே, அதே குரல்.

இங்கிலாந்தில் மைக்கேல் ஹோவர்ட் என்று ஒரு பெரியவர் இருந்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் இத்தாலியில் நிஜமாகவே சண்டை போட்டவர். பிறகு லண்டன் கிங்ஸ் காலேஜில் போரியல் துறையை வளர்த்தவர். 2019-ல், 97 வயதில் காலமானார். போர் வரலாற்றை எப்படிப் படிக்க வேண்டும் என்று 1960களின் தொடக்கத்தில் அவர் மூன்று விதி சொன்னார். அகலமாகப் படி: பல நூற்றாண்டுகளில் போர் எப்படி மாறியது என்று பார். ஆழமாகப் படி: ஒரே ஒரு படையெடுப்பை எடுத்துக்கொண்டு கடிதம், டைரி, ரிப்போர்ட் எல்லாவற்றையும் குடைந்துகொண்டே போ. சூழலோடு படி: சண்டை போட்ட சமூகங்களையும் சேர்த்துப் பார்.

இதில் 'ஆழம்' என்ற விதிதான் நம்மைப் போன்ற கணக்குப்பிள்ளைகளுக்கு லாயக்கு. ஏனென்றால் குடைவதற்கு அங்கே மலையாகக் காகிதம் இருக்கிறது. உள்நாட்டு யுத்தத்தின் அதிகாரபூர்வ ஆவணங்களை அமெரிக்க அரசாங்கம் 1880-லிருந்து 1901 வரை அச்சிட்டது. 128 புத்தகங்கள். பக்கங்கள் 1,38,000-க்கும் மேலே. ஒரு காலத்தில் அதைப் பார்க்க பெரிய லைப்ரரிக்குப் போக வேண்டும். இன்றைக்குப் படுக்கையிலிருந்தே பார்க்கலாம், தூக்கம் வருகிற வரைக்கும். அதுவும் சீக்கிரம் வரும்.

ஆனால் ஒரு கணக்கு மட்டும் என்னைத் தூங்க விடவில்லை.

அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ள தெற்கே 11 மாநிலங்கள் பிரிந்து போனதில் மூண்ட யுத்தம் அது. 1861-லிருந்து 1865 வரை நடந்தது. செத்தவர்கள் எத்தனை பேர்? நூறு வருஷத்துக்கும் மேலாகப் புத்தகங்கள் எல்லாம் ஒரே எண்ணைச் சொல்லி வந்தன: 6,18,222. சுமாராக 6 லட்சத்து 20 ஆயிரம்.

பிரித்துப் பாருங்கள். வடக்கே 3,60,222. தெற்கே 2,58,000.

நீங்கள் ஒரு நாளாவது கணக்கெழுதியிருந்தால் இந்நேரம் மூக்கு வேர்த்திருக்கும். வடக்கில் கடைசி இரண்டு பேர் வரை துல்லியமாக இருக்கிறது. தெற்கில் மூன்று முட்டைகளோடு கொழுகொழுவென்று ரவுண்டாக நிற்கிறது. டிரையல் பேலன்ஸ் டாலியாகாதபோது ராத்திரி எட்டு மணிக்கு 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஒன்றைத் திறந்து தொகையைத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போவோமே, அந்த வாசனை.

நிஜத்திலும் கிட்டத்தட்ட அப்படித்தான். யுத்தம் முடிகிற சமயத்தில் தெற்கின் தலைநகரான ரிச்மண்ட் எரிந்தது. காகிதங்கள் ஏராளமாக அழிந்தன. மிச்சமிருந்த அரைகுறைப் பட்டியல்களிலிருந்து போர்க்களத்தில் செத்தவர்கள் 94,000 என்று எடுத்தார்கள். நோயில் செத்தவர்களுக்குக் கணக்கே சரியாக இல்லை. தாமஸ் லிவர்மோர் என்பவர் 1900-ல் ஒரு வழி செய்தார். வடக்கில் நோய்க்கு என்ன விகிதமோ, அதையே தெற்குக்கும் போட்டுவிட்டார். அந்த யுத்தத்தில் குண்டடி பட்டுச் செத்தவர் ஒருவர் என்றால், வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு என்று படுக்கையில் செத்தவர் இருவர். ஆகவே பெரிய தொகை எதுவோ, அதுதான் ஊகம்.

வடக்கின் கணக்கு மட்டும் எப்படி அத்தனை சுத்தம்? அதிலும் ஒரு கதை உண்டு. செத்துப்போன சிப்பாயின் மனைவிக்கு அங்கே பென்ஷன் உண்டு. அவள் மனுப் போட்டால் ஆபீஸில் ஃபைலைத் தேடுவார்கள். பட்டியலில் விட்டுப்போன பெயர் அப்போதுதான் அகப்படும். விதவைகள் மனுப் போடப் போட எண்ணிக்கை ஏறிக்கொண்டே வந்தது. தெற்கத்தி விதவைக்கு அந்தப் பென்ஷன் கிடையாது. மனு இல்லை. மனு இல்லையென்றால் ஃபைல் இல்லை. ஃபைல் இல்லையென்றால் ஆளும் இல்லை. ஆபீஸ் தர்மம் எந்த தேசத்திலும் ஒன்றுதான்.

2011-ல் டேவிட் ஹேக்கர் என்ற வரலாற்று ஆய்வாளர் இந்தக் கணக்கைப் புதிதாகப் போட்டார். பட்டாளத்துப் பட்டியலைத் தொடவே இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்தார். 1860-ல் இருபதுகளில் இருந்த ஆண்கள், 1870-ல் முப்பதுகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அதே வயதுப் பெண்கள் எத்தனை பேர்? யுத்தமில்லாத முந்தைய, பிந்தைய பத்தாண்டுகளில் ஆண்-பெண் வித்தியாசம் எவ்வளவு? ஓப்பனிங் ஸ்டாக், க்ளோஸிங் ஸ்டாக், வழக்கமான சேதாரம் போக மீதி பற்றாக்குறை. கடையில் சரக்கு எண்ணுகிற முறைதான். மனிதர்களை அப்படி எண்ணுவது கேட்கச் சங்கடமாக இருக்கிறது. ஆனால் அதுவரை எண்ணாமலே விட்டிருந்தார்களே, அது இன்னும் சங்கடம்.

விடை, சுமார் 7 லட்சத்து 50 ஆயிரம். அதாவது 1 லட்சத்து 30 ஆயிரம் பேர் நூறு வருஷத்துக்கும் மேலாக எந்தப் பேரேட்டிலும் ஏறாமல் கிடந்திருக்கிறார்கள். ஹேக்கர் ஒரு நாணயமான காரியமும் செய்தார். ஆறரை லட்சத்திலிருந்து எட்டரை லட்சம் வரை எதுவாகவும் இருக்கலாம் என்று கூடவே எழுதினார். 2024-ல் வேறொரு குழு, மாதிரிகளை விட்டுவிட்டு முழுக் கணக்கெடுப்பையும் கம்ப்யூட்டரில் அலசி, 6 லட்சத்து 98 ஆயிரம் என்றது. ஆடிட் இன்னும் முடியவில்லை.

இந்த இடத்தில் நம் ஆள் ஒருவரை உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டும். நம் ஆள் என்றால், குமாஸ்தா.

பெயர் டோரன்ஸ் அட்வாட்டர். கனெக்டிகட்காரர், வடக்குப் படையில் சிப்பாய். 1863-ல் பிடிபட்டு, மறு வருஷம் ஜார்ஜியாவில் ஆண்டர்சன்வில் என்ற சிறை முகாமுக்கு வந்து சேர்ந்தார். முகாம் என்றால் கட்டடமெல்லாம் இல்லை. மரவேலிக்குள் சுமார் 26 ஏக்கர் வெட்டவெளி. அதில் ஒரு சமயம் 30,000 பேருக்கு மேல் அடைந்து கிடந்தார்கள். குடிக்கவும் அதே ஓடை, கழுவவும் அதே ஓடை. 14 மாதத்தில் அங்கே போன சுமார் 45,000 பேரில் கிட்டத்தட்ட 13,000 பேர் செத்தார்கள்.

அட்வாட்டருக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். 19 வயசுப் பையனை மருத்துவ அதிகாரியின் ஆபீஸில் உட்கார வைத்து, சாவுப் பதிவேடு எழுதச் சொன்னார்கள். பெயர், படைப்பிரிவு, தேதி, காரணம், வரிசை எண். அதே எண்ணைக் குச்சியில் எழுதிப் புதைத்த இடத்தில் நட்டார்கள். தினமும் எழுத எழுத, இந்தப் பதிவேடு ஒருநாளும் ஊருக்குப் போய்ச் சேராது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. என்ன செய்தார்? நீங்களும் நானும் செய்வதைத்தான். ரகசியமாக இன்னொரு காப்பி எடுத்தார். 1865-ல் விடுதலையானபோது, அதைக் கோட்டின் உள்துணிக்குள் ஒளித்து வெளியே கொண்டுவந்தார்.

அந்த வருஷ கோடையில், காணாமல் போன சிப்பாய்களைத் தேடிக்கொண்டிருந்த கிளாரா பார்ட்டன் அம்மையாரோடும் ஒரு ராணுவக் குழுவோடும் அட்வாட்டர் திரும்ப அங்கேயே போனார். குச்சி நம்பரும் காப்பி நம்பரும் ஒத்துப்போயின. ஒவ்வொரு குழிக்கும் பெயர்ப்பலகை ஏறியது. 460 சொச்சம் குழிகள்தான் 'அடையாளம் தெரியாதவர்' என்று நின்றன.

சன்மானமாக ஒரு மெடலாவது கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? அந்தப் பட்டியல் யாருக்குச் சொந்தம் என்று ராணுவ இலாகாவுக்கும் அவருக்கும் தகராறு வந்து, திருட்டுக் குற்றம் சாட்டி, ராணுவ கோர்ட்டில் 18 மாதம் தண்டனை கொடுத்தார்கள். சில மாதத்தில் விட்டுவிட்டார்கள் என்பது வேறு. வெளியே வந்ததும் 1866-ல், பார்ட்டன் துணையோடு முழுப் பட்டியலையும் நியூயார்க் டிரிப்யூன் மூலம் அச்சில் கொண்டுவந்தார். எத்தனையோ வீடுகளில் அன்றுதான் மகன் எங்கே கிடக்கிறான் என்று தெரிந்தது.

இதனால் இன்க்ரிமென்ட் வராது. அம்மா சொன்னது சரி. ஆனால் பேப்பரில் ஏதோ ஒரு தேசத்து யுத்தச் செய்தியில், 'இறந்தோர் இத்தனை பேர்' என்று ஒரு எண் வந்தால், இப்போதெல்லாம் என் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. எண்ணியது யார்? எண்ணாமல் விட்டது யாரை? யாருடைய மனைவிக்கு மனுப் போட ஆபீஸ் இல்லை? எத்தனை முட்டை இருக்கிறது? ஜெனரல்களைப் பற்றிப் படித்து இந்தப் பழக்கம் வரவில்லை. நாலு கணக்குப்பிள்ளைகளைப் பற்றிப் படித்து வந்தது.

நாளைக்கே உங்கள் மேனேஜர், "இதுக்கெல்லாம் எதுக்குய்யா இன்னொரு காப்பி?" என்று கத்தினால், பவ்யமாக "ஆண்டர்சன்வில் ஸார்" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்குப் புரியாது.

பரவாயில்லை. காப்பியை எடுத்து வையுங்கள்.