கொழுந்து வாடும் இரவிலே

யாழ்ப்பாணத்தார் மலைநாட்டுக்குப் போவதென்றால் நுவரெலியாவின் பூந்தோட்டத்தையும் வாவியையும் பார்த்துவிட்டு, கரட்டும் லீக்சும் வாங்கிக்கொண்டு திரும்புவதே வழக்கமாயிற்று. தேயிலைத் தொழிற்சாலைக்குள் நுழைந்து பார்ப்பவர்களும் உளர். ஆயின் அவர்கள் பகலிலேதான் நுழைகின்றனர். பகற்பொழுதில் அங்கே பாதிக் காட்சியைத்தான் காணலாம். தோட்டம் உறங்கிய பின்னர் விழித்துக்கொள்ளும் இடம் அது.

2018ஆம் ஆண்டு சித்திரை விடுமுறையில் உயர்தர வகுப்பு மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு நாம் ஹற்றனுக்குப் பயணமானோம். வவுனியா, தம்புள்ளை, மாத்தளை, கண்டி எனப் பேருந்து சென்றது. கம்பளையைத் தாண்டிக் கினிகத்தேனை ஏற்றத்தில் வளைந்து வளைந்து ஏறத் தொடங்கியதும், அதுவரை பாடிக்கொண்டிருந்த மாணவர் அடங்கிப் போர்வைகளைத் தேடினர். ஹற்றன் கடல்மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த ஊர். பனைமர உயரத்துக்கு மேல் ஏறியறியாத நம் பிள்ளைகளுக்கு அது வேறோர் உலகம்.

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் தங்கினோம். மாலையில், கொழுந்து கொய்த பெண்கள் மடுவத்திலே நிறுவைக்கு வரிசையாக நின்றனர். இரண்டு இலையும் ஓர் அரும்பும் என்று கிள்ளுவதன் காரணத்தை மாணவர் வினவினர். சுவையும் மணமும் முதற் காரணம். அத்துடன் இன்னொன்றும் உண்டு: தேயிலைச் செடி தன் இளந்தளிரைப் பூச்சிகளிடமிருந்து காத்துக்கொள்ளக் கஃபீன் என்னும் கசப்புப் பொருளை அதிலே சேர்த்து வைக்கிறது. முற்றிய இலையில் அது குறைவு. பூச்சிக்கென்று வைத்த நஞ்சைத்தான் நாம் பாலும் சீனியும் சேர்த்துப் பருகுகின்றோம்! 1819இல் ஜெர்மனியரான ருங்கே என்பவர் கோப்பிக் கொட்டையிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்தார். சில ஆண்டுகளின் பின் தேயிலையிற் கண்டதற்கு வேறு பெயரிட்டனர். பிறகு இரண்டும் ஒன்றே எனத் தெளிந்தது.

இரவு ஒன்பது மணிக்கு ஸ்டோருக்குச் சென்றோம். தொழிற்சாலையை அங்குள்ளோர் ஸ்டோர் என்றே வழங்குவர். மேல்மாடியிலே நீண்ட தொட்டிகளில் கொழுந்து பரப்பப்பட்டிருந்தது; அடியிலிருந்து விசிறிகள் காற்றை ஊதிக்கொண்டிருந்தன. பன்னிரண்டு மணி முதல் பதினெட்டு மணி நேரம் வரை இவ்வாறு வாடி, ஈரத்தில் பெரும்பகுதியை இழந்து, கையிற் பிடித்தால் பட்டுத்துணிபோல் துவளும் பதம் வரவேண்டும். குளிர் மிகுந்த பின்னிரவில் உருட்டும் இயந்திரங்கள் சுழலத் தொடங்கின. கசங்கிய இலை காற்றுப்பட்டுப் பச்சை மாறிச் செப்பு நிறமாகிறது. அப்போது எழும் மணத்தைப் பழுத்த ஆப்பிளுக்கு ஒப்பிடுவர். நமக்கோ மழை நனைத்த வைக்கோற்போர் நினைவுக்கு வந்தது. பின்னர் சூட்டடுப்பிலே உலர்ந்து, சல்லடைகளிற் பிரிந்து, விடியுமுன் கறுப்புத் தேயிலையாகிவிடுகிறது. உலகத்தை விழிக்க வைக்கும் பண்டம் பிறப்பதற்குச் சிலர் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியிருக்கிறது.

ஸ்டோரில் நமக்குக் கடுஞ்சாயத் தேநீர் தந்தனர். மாணவன் ஒருவன் இரண்டு கோப்பை வாங்கிக் குடித்தான். பாடக் குறிப்புகளையும் கூடவே கொண்டுவந்திருந்த பிள்ளை அவன், ஆவணியிலே பரீட்சை. "இரவு தூக்கம் வராதே, தம்பி" என்றோம். "எனக்கு ஒண்டும் செய்யாது, சேர். நான் ஒவ்வொரு நாளும் படிக்கேக்க நாலு தரம் குடிக்கிறனான். படுத்த உடன நித்திரை" என்றான்.

உருட்டும் அறையில் நின்ற முதியவர் இதைக் கேட்டுச் சிரித்தார். "நானும் அப்படித்தாங்க தம்பி சொல்லிக்கிட்டு இருந்தேன். ராவு வேலை முடியிற நேரத்துல குடிச்சிட்டுப் போய்ப் பகல்ல படுப்பேன். தூங்கத்தான் செஞ்சேன். எந்திரிச்சா தூங்கின மாதிரியே இருக்காது. இப்ப ரெண்டு மணிக்கு மேல சுடுதண்ணிதான்" என்றார்.

எழுத்தறிவு அதிகமில்லாத அம்முதியவர் சொன்னதைத்தான் ஆய்வுகூடங்களும் சொல்கின்றன. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையிலே அடினோசின் என்னும் பொருள் சிறிது சிறிதாகச் சேர்கிறது. அது தனக்குரிய ஆசனங்களில் அமர அமர உறக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. கஃபீன் அந்த ஆசனங்களில் முந்திக்கொண்டு அமர்ந்துவிடும். களைப்பு தீர்வதில்லை, களைப்பை அறிவிக்கும் தூதன் வாசலில் நிறுத்தப்படுகிறான், அவ்வளவே. நாள்தோறும் குடிப்பவர்க்கு உடல் இதற்குப் பழகிக்கொள்கிறது. எனவேதான் பழையபடி உசாராக ஒரு கோப்பை போதாமல் இரண்டாகிறது, இரண்டு மூன்றாகிறது. படுத்தவுடன் கண் மூடுவதும் அந்தப் பழக்கத்தாலேயே.

ஆனால், கண் மூடுவது வேறு, உறக்கத்தின் ஆழம் வேறு. குடித்த கஃபீனிற் பாதி உடலை விட்டு நீங்க, சராசரியாக ஐந்து மணி நேரம் செல்லும். சிலர்க்கு இரண்டு மணி நேரத்தில் நீங்கும். சிலர்க்கு ஒன்பதும் ஆகும். கருவுற்ற பெண்களுக்கு மேலும் நீளும். 2013இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றிலே, படுப்பதற்கு ஆறு மணி நேரத்துக்கு முன் 400 மில்லிகிராம் கஃபீன் உட்கொண்டவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேலான உறக்கத்தை இழந்தனர். கருவி அளந்து காட்டிய அந்த இழப்பை அவர்கள் தாமாக உணரவில்லை என்பதே நமக்கு வியப்பளித்தது. 400 மில்லிகிராம் என்பது ஏறத்தாழ எட்டுக் கோப்பைத் தேநீர். அது பெரிய அளவுதான். எனினும் நாலு கோப்பையை இரவிலேயே குடிக்கும் பிள்ளை அதில் பாதியைத் தொட்டுவிடுகிறான். குறைவது பெரும்பாலும் ஆழ்ந்த உறக்கம். பகலிற் படித்ததை மூளை பதித்து வைப்பதற்கு உதவுவதும் அதே உறக்கம். பௌதிகவியலை நள்ளிரவு வரை படித்து, அதைப் பதிக்கவேண்டிய வேளையைத் தேநீருக்குக் கொடுத்துவிட்டுப் பரீட்சை மண்டபத்தில் கூரையைப் பார்த்திருக்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் காண்கின்றோம்.

பால் சேர்த்தால் தேநீரின் வேகம் தணியும் என்று நம் வீடுகளிற் சொல்வதுண்டு. பால் சாயத்தின் கடுமையை மறைக்குமேயன்றிக் கஃபீனை அழிக்காது. நம் பாட்டிமார் மல்லியும் வேர்க்கொம்பும் இடித்துக் காய்ச்சிய மல்லித் தண்ணீரிலோ அது அறவே இல்லை. கந்தசட்டி விரதத்தின் முதலிரு நாளும் பலருக்கு வரும் தலையிடியையும் இங்கே நினைத்தல் தகும். பழியெல்லாம் பசியின்மேற் போகிறது. நாள்தோறும் குடித்ததைத் திடீரென நிறுத்தினால் பன்னிரண்டு முதல் இருபத்து நான்கு மணி நேரத்துள் தலையிடி தொடங்குவதுண்டு; ஓரிரு நாள் வலுத்துப் பின் தானே ஒழியும். விரதத்துக்கு ஒரு வாரம் முன்னரே ஒவ்வொரு கோப்பையாகக் குறைத்து வருபவர்க்கு இத்தொல்லை குறைவு. நிறுத்த விரும்பும் மாணவனுக்கும் அதுவே வழி.

திரும்பும் வழியிற் கண்டிக்கு அருகே ஹந்தானையிலுள்ள தேயிலை நூதனசாலையைப் பார்த்தோம். பழைய தொழிற்சாலையொன்றையே அவ்வாறு மாற்றியிருக்கின்றனர். 1867இல் லூல்கந்துரவிலே பத்தொன்பது ஏக்கரிற் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்கள் அங்கே உள்ளன. இரண்டாண்டின் பின் கோப்பிச் செடியில் நோய் கண்டிராவிடின் இந்நாடு கோப்பி நாடாகவே இருந்திருக்கக்கூடும். அக்கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் கடல் கடந்து வந்த தமிழ்க் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளே டிக்கோயாவில் நமக்கு விருந்தளித்தவர்கள்.

மேல்மாடியிலே தேநீர் கிடைத்தது. அப்போது பிற்பகல் மூன்று மணி. பரீட்சைக்குப் படிக்கும் நம் மாணவன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, எட்டு, பதின்மூன்று என்று முணுமுணுத்து விரல்விட்டு எண்ணினான். பின் ஒரு கோப்பையுடன் நிறுத்திக்கொண்டான். நாம் இன்னொன்று வாங்கிக் கீழே நின்ற சாரதிக்கு அனுப்பினோம். யாழ்ப்பாணத்துக்கு இன்னும் இருநூறு மைல் இருந்தது.