முள்ளிட்ட பாதை

2020 மார்ச் 25. நாடெங்கும் ஊரடங்கு. கல்லூரி விடுதியை விட்டுப் பென்னாகரத்துக்கு அருகேயுள்ள எம் சிற்றூர் வந்து சேர்ந்திருந்தேன். பெங்களூரில் கட்டட வேலை செய்துவந்த பக்கத்து வீட்டு அண்ணன் ஏப்ரலிலே திரும்பினார். பாதி வழி நடை. எல்லையிலே கருவேல முள் வெட்டிப் போட்டிருந்தது. “அங்கேயே நில்!” என்றது ஊர்.

அந்தச் சொல் புதிதா, தோழர்களே? தலைமுறை தலைமுறையாக நம் தெருக்களிலே ஒலித்த சொல்லன்றோ! சாதியின் பேரால் சொன்னதைக் கிருமியின் பேரால் சொன்னோம். பதினான்கு நாள் தனித்திருத்தல் மருத்துவம் வகுத்த முறை. அவர் மனைவிக்குக் குழாயடியிலே நீர் மறுத்தோமே, அதை வகுத்த மருத்துவம் எது?

சிற்றூரின் அறியாமை என்பீர்கள். அதே ஏப்ரலிலே, கொரோனாவுக்குப் பலியான மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்க விடாது கல்லெறிந்த கூட்டம் சென்னைக் கூட்டம்! முறைப்படி அடக்கம் செய்யப்பட்ட உடலால் நோய் பரவாதென மருத்துவர்கள் சொன்னது அச்சத்தின் செவியிலே ஏறவில்லை.

நான் செய்ததென்ன? பகுத்தறிவு நூல்கள் அடுக்கிய மேசையருகே, அவர் வீட்டைப் பார்த்த சன்னலைச் சாத்தினேன். காற்றோட்டமே காப்பு எனப் பின்னாளிலே படித்தபோது நாணினேன். அவரோ நோயே இல்லாதவர்.

அவர் மகன் இன்று என் வகுப்பு மாணவன். பெஞ்சின் ஓரத்திலேயே அமர்வான். சென்ற வாரம் வகுப்பிலே எவனோ இருமினான். நான் திரும்பக்கூட இல்லை. அவன் எழுந்து நின்றான்.

“நான் இல்லைங்க, சார்.”