கழுத்தில் விழுந்த கயிறு

திருக்கடையூரில் குடியிருப்பவர்களுக்குக் கயிறு என்றால் முதலில் எமன்தான் நினைவுக்கு வருவான். பதினாறு வயது மார்க்கண்டேயனைப் பிடிக்க அவன் வீசிய பாசக்கயிறு, பிள்ளை கட்டிக்கொண்டிருந்த லிங்கத்தின் மேலும் விழுந்தது. அந்த லிங்கமான அமிர்தகடேசுவரர் மேல் கயிற்றின் தழும்பு இன்னும் இருக்கிறது என்பார்கள். அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் ஊரில் கூட்டம் நெரிவது அந்தக் கதையால்தான்.

என் அறுபதுக்கு நாலு மாதம் இருக்கையில் எனக்கும் ஒரு கயிறு வந்து சேர்ந்தது. பிடரியில் கிளம்பிய வலி வலது கட்டைவிரல் வரை ஷாக் அடித்தாற்போல் இறங்கியது. கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு நடுவே இடைவெளி குறைந்து நரம்பு நெருக்கப்படுகிறது என்றார் டாக்டர். வீட்டிலேயே டிராக்‌ஷன் போட்டுக்கொள்ளப் பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தார்.

கதவின் மேல் ஒரு கொக்கி, அதில் கப்பி, கயிறு. ஒரு முனையில் தாடையையும் பிடரியையும் ஏந்தும் பட்டை. மறுமுனையில் தண்ணீர்ப் பை. கதவைப் பார்த்து உட்கார வேண்டும். அப்போதுதான் கழுத்து சற்றே முன்சாய்ந்து நரம்பு வரும் வழி விரியும். மனைவி பார்த்துவிட்டு, "என்னங்க, இந்த ஊர்ல இருந்துக்கிட்டு இப்படியா கயித்த மாட்டிக்கிறது?" என்றாள்.

தலையே நாலரை, ஐந்து கிலோ. தொங்கும் எடையில் பெரும்பங்கு அதைத் தாங்கவே சரியாகப் போகும், மிச்சம்தான் இழுக்கும். இந்தக் கணக்கு தெரிந்ததும் எனக்குப் பேராசை வந்தது. ஒருநாள் பையில் சொன்ன கோட்டைத் தாண்டி ஊற்றினேன். பத்தே நிமிடத்தில் தாடை மூட்டு தெறித்தது, எழுந்தால் தலை சுற்றியது. இரண்டு நாள் கஞ்சிதான். "மடைப் பலகையைக் கொஞ்சம் தூக்கினாப் போதும் சார், கரையையே ஏன் வெட்டுறீங்க?" என்றார் பிசியோதெரபிஸ்ட்.

வயது முழுக்கச் சும்மாடு வைத்து நெற்கட்டு சுமந்த பக்கத்து வீட்டு ஆத்தா திண்ணையில் இருந்து சொன்னாள்: "கட்டு ஏத்திவிடவும் ஆள் வேணும், எறக்கிவிடவும் ஆள் வேணும் தம்பி." அன்று முதல் தனியாக மாட்டிக்கொள்வதில்லை.

தேய்ந்த எலும்பை இந்தக் கயிறு வளர்க்காது. எல்லோருக்கும் பலன் தரும் என்று ஆய்வுகளும் உறுதி சொல்லவில்லை. எனக்குக் கைவலி தணிந்தது. மீதியைச் செய்தது தினசரிப் பயிற்சி. எலும்பு பலவீனம், முடக்குவாதம், தண்டுவட அழுத்தம் உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. ஆகவே, கடையில் வாங்குமுன் டாக்டரிடம் கழுத்தைக் காட்டுங்கள். கயிற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.